பத்து பிளே ஓஃப், பத்திலும் தோல்வி: இந்த அணியோடு எப்படி நிற்பது?

வெள்ளவத்தையிலிருந்து வந்த கேள்வி இது. கேட்டவர் இங்கிலாந்துக் கால்பந்துக் கழகமான ஷெஃபீல்ட் யுனைடெட்டின் ரசிகர். சின்ன வயதில் இங்கிலாந்திலிருந்து மாமா வாங்கி அனுப்பிய சிவப்பு வெள்ளைக் கோட்டு ஜேர்சியில் தொடங்கிய பைத்தியம். மேல் தரத்துக்கு ஏற ஆடும் பிளே ஓஃபில், 2022இல் அரையிறுதியில் பெனால்டியில் போனது, 2025இல் லண்டன் வெம்ப்ளி மைதானத்தில் இறுதியின் கடைசி நிமிடத்தில் போனது. ஒபிஸில் லிவர்பூல்காரரும் மன்செஸ்டர்காரரும் "பேசாமல் அணியை மாத்து மச்சான்" என்கிறார்களாம். "இதோடு எப்படி நிற்பது? நிற்கத்தான் வேண்டுமா?" என்று கேட்கிறார்.

நிற்கலாம். அதற்கு முன் கேள்வியில் ஒரு திருத்தம். உங்கள் அணி பிளே ஓஃபில் தோற்றது இரண்டு தடவை அல்ல, பத்துத் தடவை. ஆறுதல் சொல்ல வந்தவன் இப்படியா தொடங்குவது என்று நினைப்பீர்கள். பாதிக் கணக்குத்தான் மனதை அரிக்கும். முழுக் கணக்கைப் பார்த்தால் வேறு ஒன்று தெரியும்.

1988இல் தரம் இறங்காமல் தப்புவதற்காக ஆடிய பிளே ஓஃபில் பிரிஸ்டல் சிட்டியிடம் தோற்று இறங்கியது. அந்தக் காலத்தில் மேல் தரத்தின் கடைசிப்பக்க அணி ஒன்றும் பிளே ஓஃபுக்குள் இழுக்கப்பட்டது. 1997இல் வெம்ப்ளியில் கிறிஸ்டல் பலஸிடம் 1-0. கடைசி நிமிடத்தில் டேவிட் ஹொப்கின் வளைத்து அடித்த பந்து. 1998இல் சண்டர்லண்ட். 2003இல் கார்டிஃபில் வூல்வ்ஸிடம் 3-0. 2009இல் பேர்ன்லியிடம் 1-0. 2012இல் ஹடர்ஸ்ஃபீல்ட், அதற்குக் கீழே வருகிறேன். 2013இல் யோவில், 2015இல் ஸ்விண்டன், 2022இல் நொட்டிங்ஹம் ஃபொரஸ்ட், 2025இல் மறுபடியும் சண்டர்லண்ட்.

இதே காலத்தில் இதே கழகம் 1989, 1990, 2006, 2017, 2019, 2023 என்று ஆறு தடவை மேல் தரத்துக்கு ஏறியிருக்கிறது. ஆறும் நேரடி ஏற்றம். 2017இல் மூன்றாம் தரத்தில் 100 புள்ளிகளோடு முதலிடம், மற்ற ஐந்தும் இரண்டாம் இடம். சாம்பியன்ஷிப் என்ற இரண்டாம் தரத்தில் ஓர் அணி 46 ஆட்டம் ஆடுகிறது. முதல் இரண்டு அணிகள் நேரே ஏறும். 2025இல் இருந்த முறைப்படி, மூன்றிலிருந்து ஆறு வரை வந்த நான்கு அணிகள் மிச்சமிருக்கும் ஒரே இடத்துக்காக மோதும்: அரையிறுதி இரண்டு ஆட்டம், இறுதி வெம்ப்ளியில் ஒரே ஆட்டம். 1987இல் வந்த முறை இது. வெம்ப்ளி ஒற்றை இறுதியாட்டம் 1990 முதல், வெம்ப்ளியை மறுபடி கட்டிய வருடங்களில் மட்டும் அது கார்டிஃபில். ஆக மேலே போக இரண்டு வாசல். உங்கள் அணி முன்வாசலால் ஆறு தடவை போயிருக்கிறது, பக்கத்து ஜன்னலால் ஏறப்பார்த்த பத்துத் தடவையும் விழுந்திருக்கிறது. விழுந்தவை பெரும்பாலும் ரீவியில் பெரிய ஆட்டமாகக் காட்டப்பட்டதால் அவை மட்டும் நினைவில் நிற்கின்றன. ஏறிய ஆறும் பருவ முடிவின் சாதாரண லீக் ஆட்டங்களில் முடிவானவை. அவற்றின் திகதி உங்களுக்குச் சட்டென்று வருமா? வராது. அணியோடு நீண்ட காலம் நிற்பவர்களுக்கும் மூன்று வருடத்தில் களைத்துப் போகிறவர்களுக்கும் உள்ள வித்தியாசம் பெரும்பாலும் இந்த நினைவுக் கணக்கில்தான் இருக்கிறது.

"சாபம்" என்ற பேச்சையும் இங்கேயே தீர்த்துவிடலாம். நான்கு அணியில் ஒன்று வெல்லும் போட்டியில் ஒவ்வொரு அணிக்கும் நாலில் ஒரு வாய்ப்பு என்று வையுங்கள். தோற்கும் வாய்ப்பு 0.75. பத்துத் தடவை தொடர்ந்து தோற்பதற்கு 0.75ஐப் பத்துத் தடவை பெருக்க வேண்டும், வருவது 0.056, அதாவது நூற்றுக்கு ஐந்தரை. அரிதுதான். ஆனால் இங்கிலாந்தின் முதல் நான்கு தரங்களில் 92 கழகங்கள் இருக்கின்றன. அத்தனை பேர் முப்பத்தைந்து வருடத்துக்கு மேலாக இந்தச் சீட்டைக் குலுக்கினால் யாரோ ஒருவர் தலையில் இது விழத்தான் செய்யும். பிரெண்ட்ஃபோர்டுக்கும் பிரெஸ்டனுக்கும் ஒன்பது தடவை இப்படித்தான் போனது. பிரெஸ்டன் பத்தாவது முயற்சியில் 2015இல் ஸ்விண்டனை 4-0 என்று வென்று ஏறியது. பிரெண்ட்ஃபோர்ட் 2020இல் ஃபுல்ஹமிடம் இறுதியில் தோற்று, அடுத்த வருடம் தன் பத்தாவது முயற்சியில் ஸ்வான்சியை 2-0 என்று வென்று ஏறியது. உங்களுக்குப் பத்தாவதும் பலிக்கவில்லை. பதினோராவதற்குப் பத்தாவதைப் பற்றி ஒன்றும் தெரியாது. பம்பலப்பிட்டி கதிரேசன் கோயிலில் தேங்காய் உடைப்பது உங்கள் விருப்பம், மனதுக்கு நல்லது. வெம்ப்ளியில் ஓஃப்சைட் ஓஃப்சைட்தான்.

அந்த ஓஃப்சைட்டைப் பற்றிச் சொல்லாமல் 2025ஐத் தாண்ட முடியாது, ஏனென்றால் உங்கள் மனதில் முள்ளாக இருப்பது அதுதான். மே 24, சனிக்கிழமை, கொழும்பில் இரவு ஏழரை. தைரிஸ் கெம்பல் 25ஆவது நிமிடத்தில் அடித்து ஷெஃபீல்ட் 1-0 முன்னால். கொஞ்ச நேரத்தில் ஹரிசன் பரோஸ் அடித்த பந்தும் வலைக்குள் போகிறது. வீடியோ பார்த்துச் சரிபார்க்கும் வீஏஆர் நடுவரைத் திரைக்குக் கூப்பிடுகிறது. அடித்தவர் ஓஃப்சைட்டில் இல்லை. வினி சூசா ஓஃப்சைட் இடத்தில், கோல் கீப்பரின் பார்வைக்குக் குறுக்கே நிற்கிறார். பதினோராவது விதி தெளிவாகச் சொல்கிறது: ஓஃப்சைட் இடத்தில் நிற்பவர் பந்தைத் தொடாவிட்டாலும், எதிராளியின் பார்வையை மறைத்து அவர் பந்தை ஆடுவதைத் தடுத்தால் குற்றம். கோல் இல்லை. 76ஆவது நிமிடத்தில் எலீசர் மயெண்டா சமன் செய்கிறார். 95ஆவது நிமிடத்தில் மாற்று வீரராக வந்த பத்தொன்பது வயது டொம் வட்சன், நடுவில் நழுவிய பந்தைப் பிடித்து, பெட்டிக்கு வெளியிலிருந்து மூலைக்குள் உருட்டுகிறார். மணி ஒன்பதரை ஆகவில்லை. வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைவதைக் காலி வீதியில் கொத்து தட்டும் சத்தத்தோடு கேட்க வேண்டியிருந்தது.

தோல்வியைச் செரிக்க முதல் வேலை, நடந்ததை விதியோடும் காரணத்தோடும் தெரிந்துகொள்வது. "கொள்ளையடித்துவிட்டார்கள்" என்று நம்புகிறவரின் கோபம் பத்து வருடம் நிற்கும். "சூசா ஓரடி தள்ளி நின்றிருந்தால்" என்று தெரிந்தவரின் கோபம் ஒரு மாதத்தில் கதையாகிவிடும்.

இரண்டாவது முள், புள்ளிக் கணக்கு. ஷெஃபீல்ட் 92 புள்ளி எடுத்து, 2 புள்ளி வெட்டப்பட்டு, 90இல் மூன்றாவது. சண்டர்லண்ட் 76இல் நான்காவது. அதுவும் கடைசி ஐந்து லீக் ஆட்டத்தையும் தோற்றுவிட்டு வந்த அணி. பதினான்கு புள்ளி பின்னால் இருந்தவர் ஏறினார். அநியாயமாகத்தான் தெரியும். ஆனால் 2022இல் உங்கள் அணி ஐந்தாவதாக வந்துதான் அதே போட்டிக்குள் நுழைந்தது. ஐந்து புள்ளி கூட எடுத்திருந்த ஃபொரஸ்ட்டைப் பெனால்டி வரை இழுத்தது. அன்று அந்த விதி உங்களுக்கு அநியாயமாகத் தெரிந்திருக்காது. 2025இல் முதல் இரண்டு இடத்திலும் வந்த லீட்ஸும் பேர்ன்லியும் 100 புள்ளி வீதம் எடுத்திருந்ததால், வெட்டப்பட்ட 2 புள்ளியைக் குற்றம் சொல்லவும் வழியில்லை.

2012ஐப் பிறகு சொல்கிறேன் என்றேன். ஹடர்ஸ்ஃபீல்டோடு 120 நிமிடம் 0-0. பெனால்டியில் ஹடர்ஸ்ஃபீல்ட் முதல் மூன்று உதையையும் தவறவிட்டது. மூன்றையும்! அதற்குப் பிறகும் ஷெஃபீல்ட் தோற்றது: 8-7, மொத்தம் 22 உதை, கடைசியில் கோல் கீப்பர் சைமன்சன் அடித்த பந்து மேலால் போனது. அந்த வருடமும் உங்கள் அணி 90 புள்ளி எடுத்து மூன்றாவது. பெனால்டியில் ஒரு நல்ல வீரர் நாலுக்கு மூன்றுதான் அடிக்கிறார். அதாவது ஐந்து பேர் அடித்தால் ஒருவராவது தவறவிடுவது வழமை. ஐந்தும் உள்ளே போவதுதான் புதுமை. இதைத் தெரிந்துகொண்டு பெனால்டி பார்க்கிறவர் தவறவிட்டவரைத் திட்டமாட்டார்.

இனிக் கையில் எடுக்கக் கூடிய காரியங்கள்.

கொழும்பிலிருந்து பார்ப்பவருக்கு மனம் உடைவதில் பாதி, தூக்கம் உடைவது. இங்கிலாந்தில் கோடைகால நேரம் ஓடும்போது நமக்கும் அவர்களுக்கும் நாலரை மணி வித்தியாசம், குளிர்காலத்தில் ஐந்தரை. மார்ச் கடைசி ஞாயிறும் ஒக்டோபர் கடைசி ஞாயிறும் மாறும். சனி பிற்பகல் மூன்று மணி ஆட்டம் நமக்கு ஏழரை அல்லது எட்டரை, பிரச்சினை இல்லை. கிழமை நடுவில் 7.45க்குத் தொடங்கினால் நமக்கு 12.15 அல்லது 1.15. பிளே ஓஃப் அரையிறுதியின் இரண்டாவது ஆட்டம் மே மாதத்தில், பெரும்பாலும் அங்கே இரவு எட்டு மணி, நமக்கு நள்ளிரவு 12.30. சாதாரணமாக முடிந்தால் 2.20, மேலதிக நேரம் போனால் மூன்று, பெனால்டி போனால் மூன்றேகால். அடுத்த நாள் ஒபிஸ்.

ஆகவே அரையிறுதி இரவில் எட்டு மணிக்கே படுத்து பன்னிரண்டுக்கு எழும்புங்கள். விழித்திருந்து பார்ப்பதைவிட இது பல மடங்கு மேல். கோப்பியோ பிளேன்டீயோ முதல் பாதியோடு நிறுத்த வேண்டும். குடித்த கஃபீனில் பாதி ஐந்து மணித்தியாலத்துக்குப் பிறகும் உடம்பில் இருக்கும். தோற்ற பிறகு தூக்கம் வராததற்குச் சோகம் மட்டும் காரணமில்லை. அரை நாள் லீவை ஆட்டத்துக்கு முதல் நாளே போட்டுவிடுங்கள். வென்றால் லீவு, தோற்றால் வேலை என்று நினைத்திருப்பவர் இரண்டு நாளும் வேலை செய்யமாட்டார்.

போனில் பார்ப்பவர்கள் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. இணையவழிக் காட்சி மைதானத்தில் நடப்பதற்கு முப்பது விநாடி முதல் ஒரு நிமிடம் வரை பிந்தி வரும். மாமா வெம்ப்ளியில் இருந்துகொண்டு வட்ஸ்அப்பில் ஒரு "ஐயோ" போட்டால், உங்கள் திரையில் பந்து இன்னும் நடுக்கோட்டில் நிற்கும். அந்த நாற்பது விநாடி, என்ன நடக்கப்போகிறதென்று தெரிந்தும் பார்த்துக்கொண்டிருப்பது, தோல்வியைவிட மோசமான அனுபவம். ஆட்டம் தொடங்க முன் வட்ஸ்அப் அறிவிப்புகளையும் கோல் சொல்லும் செயலிகளையும் நிறுத்திவிடுங்கள். 720 தரத்தில் இரண்டு மணித்தியாலம் பார்த்தால் சுமார் இரண்டு முதல் மூன்று ஜிபி போகும். மேலதிக நேரத்தையும் சேர்த்து நாலு ஜிபி இருக்கிறதா என்று பாருங்கள். 118ஆவது நிமிடத்தில் ரீலோட் அட்டை தேடி ஓடுவது யாருக்கும் வரக் கூடாத நிலைமை.

தோற்ற பிறகு முதல் மூன்று நாள் முக்கியம். முதல் இரவில் எதையும் எழுதாதீர்கள், வீடியோ பார்க்காதீர்கள், எதையும் தூக்கி எறியாதீர்கள். மெரின் டிரைவ் பக்கமாக நாற்பது நிமிடம் நடந்துவிட்டுப் படுங்கள். இரண்டாவது நாள் மற்றவர்கள் எழுதியவற்றை வாசிக்கலாம், விவாதிக்கக் கூடாது. மூன்றாவது நாள் முழு ஆட்டத்தையும் மறுபடி பாருங்கள். சுருக்கக் காட்சியைப் பார்ப்பதில் பயனில்லை. அது கோல்களை மட்டும் காட்டி, தோல்வி விதிபோல வந்தது என்ற பொய்யைச் சொல்லும். முழு ஆட்டத்தில், 2025 இறுதி என்றால், 60ஆவது நிமிடத்திலிருந்து 76 வரை எத்தனை தடவை பந்தை வெளியே எடுக்க முடியாமல் தவித்தார்கள் என்று எண்ணுங்கள். யாரை எப்போது மாற்றினார்கள், முன்னால் இருக்கும்போது எவ்வளவு பின்னால் இறங்கினார்கள், கோர்னர், ஃப்ரீகிக் பந்துகளில் யார் யாரைப் பிடித்தார்கள் என்று பாருங்கள். ஒரு கொப்பியில் மூன்று வரி எழுதினால் போதும். அதற்குமேல் அந்த ஆட்டத்துக்கு நேரம் கொடுக்க வேண்டியதில்லை. இதைச் செய்யாதவர்தான் ஓகஸ்ட் மாதத்திலும் அதே ஆட்டத்தை மனதுக்குள் ஆடிக்கொண்டிருப்பார்.

பந்தயத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும், கொழும்பில் புக்கி தெருவுக்குத் தெரு இருப்பதால். சிலர் தங்கள் அணிக்கு எதிராகப் பணம் கட்டுவார்கள்: "தோற்றால் காசாவது வரும்." கேட்க புத்திசாலித்தனமாக இருக்கும். நடப்பது என்னவென்றால், 70ஆவது நிமிடத்தில் 1-0 முன்னால் இருக்கும்போது மனதின் ஒரு மூலை எதிரணியின் கோலுக்காகக் காத்திருக்கும். அணியைவிட்டு விலகியவர்களில் பலர் தோல்வியால் விலகவில்லை, இந்த மூலையால் விலகினார்கள். கட்டவே வேண்டாம்.

நக்கலுக்குப் பதில். லிவர்பூல்காரரோடு கோப்பைக் கணக்குப் பேசப் போகாதீர்கள், தோற்பீர்கள். கொழும்பில் எல்லாருக்கும் தெரிந்த கணக்கு ஒன்று இருக்கிறது: இலங்கை கிரிக்கெட் அணி 2007இல் பிரிட்ஜ்டவுனில், 2009இல் லோர்ட்ஸில், 2011இல் மும்பையில், 2012இல் நம்முடைய பிரேமதாச மைதானத்திலேயே உலகக் கிண்ண இறுதி ஆட்டங்களில் தோற்றது. ஐந்து வருடத்தில் நான்கு. 2014இல் மிர்பூரில் வென்றது. அந்த நான்கு இரவும் ரீவிக்கு முன்னால் இருந்தவருக்கு மிர்பூர் தந்ததும், அன்று மட்டும் ரீவியைப் போட்டவருக்கு மிர்பூர் தந்ததும் ஒன்றா என்று கேளுங்கள். (உங்கள் வீட்டில் எல்லாரும் இந்தியாவுக்குக் கைதட்டுபவர்கள் என்றால் இந்த உதாரணத்தை விட்டுவிடுங்கள், வேறு சண்டை வரும்.)

அதைவிடக் கிட்டத்து உதாரணமும் உண்டு. வெள்ளவத்தையில் முப்பது வருடமாக இருக்கும் யாழ்ப்பாணத்து நாவாந்துறைக்காரர் ஒருவரிடம் போய் "சென் மேரிஸ் கழகத்தை விட்டுவிட்டுப் பாடும்மீனுக்கு மாறுங்கோ" என்று சொல்லிப் பாருங்கள். அல்லது மயிலங்காட்டுக்காரரிடம் ஞானமுருகனை விடச் சொல்லுங்கள். எந்த இறுதியாட்டத்தில் எத்தனை கோலால் தோற்றது என்று அவர் சொல்வார். மாறுவது என்ற சொல்லே அவருக்கு விளங்காது. ஊர்க் கழகம் வெல்வதற்காக வைத்திருப்பது அல்ல, கேட்டால் சொல்வதற்கு ஒரு பெயர். உங்களுக்கு ஷெஃபீல்ட் ஊரில்லை, ஆனால் மாமாவின் ஊர். அந்த வழியாக வந்த பற்று, தொலைக்காட்சியில் வென்ற அணியைப் பார்த்து வந்த பற்றைவிடக் கெட்டி.

அடுத்த பருவத்தை எப்படி எதிர்பார்ப்பது என்பதில்தான் ரசிகர்கள் அதிகம் ஏமாறுகிறார்கள். "இறுதி வரை வந்த அணி, அடுத்த வருடம் நிச்சயம்" என்று நினைப்பது தவறு. "உடைந்துபோன அணி, இனி எழாது" என்பதும் தவறு. ரெடிங் 2011 இறுதியில் ஸ்வான்சியிடம் தோற்றது, 2012இல் முதலிடத்தில் ஏறியது. லீட்ஸ் 2024 இறுதியில் சவுத்ஹம்ப்டனிடம் தோற்றது, 2025இல் முதலிடம். சண்டர்லண்டே 1998இல் சார்ள்டனோடு 4-4 ஆடிப் பெனால்டியில் 7-6 என்று தோற்று, அடுத்த வருடம் 105 புள்ளியோடு ஏறியது. மறுபக்கம், வட்ஃபோர்ட் 2013 இறுதியில் தோற்று அடுத்த பருவம் 13ஆவது. ஹடர்ஸ்ஃபீல்ட் 2022 இறுதியில் தோற்று அடுத்த பருவம் 18ஆவது, அதற்கடுத்த பருவம் தரம் இறங்கியது.

இரண்டு பக்கமும் போகக் காரணம் பணமும் ஆட்களும். ஏறும் அணிக்குக் கிடைக்கும் வருமானம் இருநூறு மில்லியன் பவுண் அளவில் மதிப்பிடப்படுகிறது. ஏறாத அணி அந்தப் பணத்தை எதிர்பார்த்து வைத்திருந்த ஆட்களை விற்கிறது. 2025 யூலையிலேயே அஹ்மட்ஹோஜிச் ஃபெயனூர்டுக்கும் சூசா வூல்ஃப்ஸ்பேர்க்குக்கும் போனார்கள். பயிற்சியாளர் கிறிஸ் வைல்டரும் போய், ரூபன் செலஸ் வந்தார். முதல் ஐந்து லீக் ஆட்டமும் தோல்வி. செப்டெம்பர் நடுவில் செலஸ் நீக்கப்பட்டு வைல்டரே திரும்பி வந்தார். வெம்ப்ளியின் சோகம் ஓகஸ்டிலும் தொடர்ந்தது என்று எழுதினார்கள். பாதி உண்மை. முதுகெலும்பை விற்றுவிட்டு, ஆட்ட முறையையும் மாற்றினால் எந்த அணிக்கும் அப்படித்தான் நடக்கும்.

ஆகவே யூன், யூலையில் நீங்கள் பார்க்க வேண்டியவை: இரண்டு மையத் தடுப்பாளரும் கோல் கீப்பரும் இருக்கிறார்களா, கோல் அடித்தவர்களில் கடனுக்கு வந்தவர் எத்தனை பேர், அவர்கள் போய்விட்டார்களா, பயிற்சியாளர் அதே ஆளா, பிரீமியர் லீக்கிலிருந்து இறங்கிய கழகங்களுக்குக் கொடுக்கும் ஈட்டுப் பணம் இன்னும் எத்தனை வருடம் வரும். இந்தப் பணம் கூடினால் மூன்று வருடம். ஒரே பருவத்தில் ஏறி இறங்கிய கழகத்துக்கு இரண்டுதான். உங்கள் அணி 2023இல் ஏறி 2024இல் இறங்கியது, கணக்கை நீங்களே பாருங்கள். நாலுக்கும் நல்ல விடை என்றால் நம்பிக்கை வையுங்கள். இரண்டுக்குமேல் கெட்ட விடை என்றால் பத்தாம் இடத்தை எதிர்பார்த்துத் தொடங்குங்கள். பத்தாம் இடத்தை எதிர்பார்த்தவருக்கு ஏழாம் இடம் இனிக்கும்.

ஜேர்சி வாங்கினால் முதுகில் பெயர் வேண்டாம். இறுதியில் கோல் அடித்த டொம் வட்சனைப் பாருங்கள்: சண்டர்லண்டிலேயே வளர்ந்த பெடியன், அந்த ஆட்டத்துக்கு முன்னரே பிரைட்டனுக்குப் போக ஒப்புக்கொண்டிருந்தவர். கழகத்தை ஏற்றிவிட்டு அடுத்த கிழமைகளில் போய்விட்டார். போவது ஆட்டக்காரரின் தொழில். ஆண்டு மட்டும் போட்டுக்கொள்ளலாம், 1889 நல்ல எண்: கழகம் தொடங்கிய வருடம்.

விலகலாமா என்ற கேள்விக்கும் ஒழுங்காகப் பதில் சொல்ல வேண்டும். விலகலாம், யாரும் கைது செய்யமாட்டார்கள். ஆட்டம் உங்கள் வீட்டில் சண்டையையும் கடனையும் கொண்டுவந்தால் ஒரு பருவம் முழுக்க முடிவை மட்டும் வாசித்துவிட்டு இருங்கள். முதலாளியின் மேல் கோபம் என்றால் பணத்தை நிறுத்துங்கள், பெயரை விடத் தேவையில்லை. ஷெஃபீல்டின் மற்றக் கழகமான வெட்னஸ்டேயின் ரசிகர்கள் 2025 ஒக்டோபரில் அதைத்தான் செய்தார்கள்: மைதானத்துக்குப் போகாமல் புறக்கணித்தார்கள். அந்த மாதமே கழகம் கடன் நிர்வாகத்துக்குள் போய் 12 புள்ளி வெட்டப்பட்டது. நிர்வாகம் மாறியதும் மறுபடி வந்து மைதானத்தை நிரப்பினார்கள். தோல்விக்காக மட்டும் அணி மாறுவதைத்தான் நான் ஒப்புக்கொள்ளமாட்டேன். மாறியவர்கள் புது அணியின் முதல் தோல்வியில் பழைய அணியின் முடிவைத் தேடுவார்கள்.

பிள்ளைகளை இதற்குள் இழுப்பது பற்றி: ஏழரை மணி ஆட்டங்கள் போதும். நள்ளிரவு ஆட்டத்துக்கு எழுப்பாதீர்கள். முதல் ஆட்டமாக இறுதியாட்டத்தைக் காட்டாதீர்கள்.

வருடத்தில் இரண்டு மூன்று தடவையாவது நேரில் ஓர் ஆட்டம் பாருங்கள், ரேஸ்கோர்ஸிலோ சுகததாசவிலோ. 2024 செப்டெம்பரில் இலங்கை அணி ஆசியக் கிண்ணத் தகுதிகாண் பிளே ஓஃபில் கம்போடியாவோடு கொழும்பில் 0-0, புனோம் பென்னில் 2-2 ஆடி, பெனால்டியில் 4-2 என்று வென்றது. பிளே ஓஃபில் வெல்வது எப்படி இருக்கும் என்று உங்களுக்கு ஷெஃபீல்ட் காட்டாததை இவர்கள் காட்டினார்கள். எத்தனை பேருக்குத் தெரியும்?

கடைசியாக மாமா. அடுத்த தடவை வெம்ப்ளியில் தோற்றால் ஆட்டம் முடிந்தவுடன் அழைக்காதீர்கள். நமக்கு ஒன்பதரை, அவருக்குப் பின்னேரம் ஐந்து. எண்பதாயிரம் பேரோடு வெளியே வந்துகொண்டிருப்பார், வலையமைப்பும் கிடைக்காது. பிறகு ஷெஃபீல்டுக்கு நாலு மணித்தியாலம் பஸ். அந்த பஸ்ஸில் யாரும் யாரோடும் பேசுவதில்லை. வீட்டுக்குப் போய்ச் சேரும்போது இங்கே விடியப்புறம் இரண்டரை. ஞாயிறு பின்னேரம் மூன்று மணிக்கு எடுங்கள். அங்கே காலை பத்தரை, தேத்தண்ணியோடு இருப்பார். ஆட்டத்தைப் பற்றி அவர் தொடங்கும்வரை நீங்கள் தொடங்காதீர்கள்.